பொட்டு வைத்த துப்பாக்கி

தீவில் இறங்கியதும் முதலில் வருவது நண்டுகள். ஆளுயர நண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு கொடுக்கு. அப்புறம் தென்னை மரத்திலிருந்து பல்லிகள் குதிக்கும். சதுப்பிலிருந்து இறக்கை முளைத்த முதலைகள் கிளம்பும். கடைசியில் எரிமலையைப் பிளந்துகொண்டு மலையளவு ஒன்று எழுந்து வரும். எவ்வளவு கொடுத்தாலும் திருப்தியில்லாமல் திரும்பத் திரும்ப வந்து நிற்பதால், அதற்கு ஊழியர்கள் சம்பந்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். துளசிமணி அந்தச் சம்பந்தியைத் தினமும் பத்துப் பன்னிரண்டு தடவை கொன்றாள். இரண்டு வருஷமாகக் கொன்றதில் அவளுக்கு அதன்மேல் கோபம்கூட வருவதில்லை.

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஒரு மாலின் மூன்றாவது மாடி. பெரிய திரை, அதன் முன்னால் இரண்டு துப்பாக்கிகள். நீலம் வாடிக்கையாளருக்கு, சிவப்பு துளசிமணிக்கு. ‘களைப்பைச் சுட்டுத் தள்ளுங்கள்’ என்று மேலே விளக்கெழுத்து ஓடும். வருகிறவர்கள் தோள் தொங்கி, கண் சிவந்து வருவார்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்து தீவைச் சுற்றிவிட்டு வந்தால், குளித்துவிட்டு வந்தவர்கள் போலப் போவார்கள். உங்கள் களைப்பு தீவிலேயே எரிந்து சாம்பலாகிவிடும் என்று டோக்கனிலேயே அச்சடித்திருந்தது.

எரியவும் இல்லை, சாம்பலாகவும் இல்லை. எரிந்திருந்தால் துளசிமணிக்கு அங்கே என்ன வேலை?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெஷின் மெக்கானிக் ஜாபர் அவளுக்கு விளக்கிச் சொன்னான்.

“களைப்புங்கறது கையில கால்ல இல்லக்கா. மூளை போட்டு வெக்கற ஒரு கணக்கு. ‘போதும், உக்காரு’ன்னு சொல்ற கணக்கு. ரெண்டு பேர் ஒரே குறிய ஒரே நேரத்துல சுட்டா, ரெண்டு மூளையும் ஒரு சொடக்கு நேரம் ஒண்ணாத் துடிக்கும். அந்தச் சொடக்குல, அந்தக் கணக்க அவருகிட்ட இருந்து உங்களுக்குத் தாட்டிவிட்டுரலாம்.”

“அதுக்கு எதுக்கு தம்பி நண்டும் பல்லியும்?”

“சும்மா உக்கார வெச்சா ஆளுக்கொண்ணு நெனைப்பாங்க. மூஞ்சிக்கு நேரா முதலை வந்தா யாரா இருந்தாலும் ஒரே நெனைப்புத்தான்.”

அவள் சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிப்பாள். வாங்கிக்கொண்ட களைப்பு என்ன ஆகும் என்று கேட்டதற்கு, ஒரு ராத்திரி தூங்கினால் போய்விடும் என்று பயிற்சியில் சொன்னார்கள். போகவில்லை. சொந்தக் களைப்பு தூக்கத்தில் போகும், வாங்கின களைப்பு அடியில் தங்கிவிடும் என்பதை அவள் நாலைந்து மாதத்தில் தெரிந்துகொண்டாள். வேலையை விடலாம்தான். ஆனால் வேறு வேலை தேடுவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே.

அவள் புருஷன் மருதாசலம் பம்ப்செட் பட்டறையில் ஃபிட்டர். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் பேசுகிற ஆள் துளசிமணிதான். காலையில் ஆரம்பித்தாளானால் அடுப்பு, பக்கத்து வீடு, தெருக்குழாய், டிவி சீரியல் என்று ஒன்று விடாமல் பேசுவாள். “வாய்க்குக் கொஞ்சம் லீவு விடேன்” என்று அவனே கெஞ்சியிருக்கிறான். இப்போது அவனே சமைக்கிறான், அவனே பாத்திரம் கழுவுகிறான். அவள் வந்ததும் “சாப்பிடறயா” என்பான். “வேண்டாம்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒருநாள் அவன் கட்டிலோரம் உட்கார்ந்து, “எதாச்சும் பேசு துளசி. திட்டவாச்சும் செய்” என்றான். திட்டுவதற்கு அவளுக்கு ஆசைதான். வாயைத் திறக்க முடியவில்லை.

ஆயுத பூசை வந்தது. கோயம்புத்தூரில் ஆயுத பூசை என்றால் சாதாரணமா? ஸ்க்ரூ டிரைவரிலிருந்து லேத் மெஷின் வரை குளிப்பாட்டிப் பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். இந்தத் துப்பாக்கிகளை மட்டும் சும்மா விடுவார்களா? அன்றைக்குக் கடையை மூடி, திரைக்கு மாலை போட்டு, பொரி கடலை படைத்து, சூடம் காட்டினார்கள். பொட்டு வைக்கிற வேலை துளசிமணிக்கு வந்தது. மற்ற மெஷின்களில் குழல் முனையில் வைத்தாள். தன் மெஷினுக்கு வந்தபோது கொஞ்சம் யோசித்தாள். குழலா வேலை செய்கிறது, கை பிடிக்கிற இடம்தானே செய்கிறது என்று நினைத்து, நீலத் துப்பாக்கியின் பிடியில், கட்டைவிரல் படும் சின்னத் தகட்டின் மேல் சந்தனத்தைக் குழைத்து நன்றாகக் கனமாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தாள். சிவப்புத் துப்பாக்கிக்கு வருவதற்குள் சந்தனம் தீர்ந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம்தான் கடை திறந்தார்கள். துடைத்துவிடு என்று யாரும் சொல்லவில்லை. பூசை போட்ட பொட்டை அழிக்கிற பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது.

அன்றைக்கு அவளுடைய முதல் ஆள் நாச்சிமுத்து. சென்னைக்குப் போகும் தனியார் சொகுசு பஸ்ஸின் டிரைவர். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், நரைத்த மீசை, தோளில் எப்போதும் ஒரு டர்க்கி டவல். ஒரு வருஷத்துக்கு மேலாக ஒன்றுவிட்டு ஒருநாள் வருகிறார். அவருடைய களைப்பு துளசிமணிக்கு அத்துபடி. வலது கண்ணுக்குப் பின்னால் ஒரு குத்தல், எதிரே வரும் லாரி விளக்கு அங்கேயே தங்கிவிட்ட மாதிரி. அப்புறம் வலது முட்டியில் ஒரு கடுப்பு.

“வாங்கண்ணா. வண்டி எப்பங்க?”

“பொழுதோட ஏழு மணிக்கு அம்மிணி. லீவு முடிஞ்சு எல்லாரும் திரும்பறாங்கல்ல, ஒரு சீட்டுக் காலியில்ல. நேத்து வந்து எறங்கினவன், இன்னும் சரியாத் தூங்கல.” நீலத் துப்பாக்கியை எடுத்தவர் பொட்டைப் பார்த்து அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “முன்னெல்லாம் வண்டிக்கு ரெண்டு டிரைவருங்க. சேலம் தாண்டினா நான் படுத்துக்குவேன், இன்னொருத்தன் ஓட்டுவான். இப்ப ரெண்டாவது ஆள நிறுத்திப்போட்டு இந்த டோக்கனக் குடுத்திர்றாங்க.”

அந்த ரெண்டாவது ஆள் நான்தானுங்க அண்ணா என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. சொன்னால் வேலை போய்விடும்.

இருவரும் படகிலிருந்து இறங்கினார்கள். முதல் நண்டைச் சேர்ந்து அடித்தார்கள், இரண்டாவதையும் அடித்தார்கள். வழக்கமாக மூன்றாவது நண்டுக்கு அந்த வலது கண் குத்தல் வந்துவிடும். அவள் பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். வரவில்லை. பல்லிகள் வந்தபோது தோளில் யாரோ இரண்டு செங்கல்லை இறக்கி வைத்ததுபோல இருந்தது. முதலைகள் வந்தன, கழுத்து நிமிர்ந்தது. அந்தத் தீவுக்கு ஒரு கடல் இருப்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். நீலமாக, மணலைத் தொட்டுத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. அட, இவ்வளவு அழகான இடத்திலா இரண்டு வருஷமாக நின்று செத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தாள். சம்பந்தியை ஒரே மூச்சில் முடித்துவிட்டு “போடா டேய்!” என்று கத்தினாள். பக்கத்து மெஷின்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நாச்சிமுத்து துப்பாக்கியை மெதுவாக மாட்டினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவளையே பார்த்தார்.

“வர்றனுங்க அம்மிணி” என்றார், போனார். துளசிமணி சந்தோஷத்தில் அவர் நடையைக் கவனிக்கவில்லை.

முதல் வேலையாக மருதாசலத்துக்குப் போன் போட்டாள்.

“என்னங்க, இன்னைக்கு என்ன குழம்பு?”

“வெங்காய சாம்பார் வெக்கலாம்னு...”

“வெங்காயத்துல கைய வெக்காதீங்க. நீங்க அரிஞ்சா ஒவ்வொண்ணும் செங்கல்லாட்ட இருக்கும், கல்யாணத்தன்னைக்கே உங்க அம்மா சொல்லி அழுதாங்க. நான் வந்து அரியறேன். ஆமா, எதிர்வீட்டுக்காரி புதுசா நாய் வாங்கியிருக்காளாமா? அவளுக்கே சோறு போட ஆளில்ல, இதுல நாய் வேற...”

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தாள்.

“துளசி” என்றான் மருதாசலம். குரல் ஒரு மாதிரி இருந்தது. “நீதானா பேசறது?”

இந்த மனுஷனை இரண்டு வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டே தனியாக விட்டுவிட்டோமே என்று அழுகை வந்தது. அழுவதற்கும் இப்போது தெம்பு இருந்தது. “நானேதானுங்க. வந்தர்றேன்” என்று வைத்தாள்.

அடுத்த ஆளை அனுப்புவதற்கு முன் ஜாபர் வழக்கம்போலத் துப்பாக்கிகளைச் சோதித்தான். நீலத்தை எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“அக்கா, இந்தத் தகட்டு மேல யாரு சந்தனம் வெச்சது?”

“நான்தான். ஏன், சாமிக்குத்தமா?”

“இது மேலயா? போச்சு! இதுதானக்கா வால்வு. உங்க வீட்டுக்காரரக் கேட்டுப் பாருங்க, மோட்டாருக்கு புட்வால்வு எதுக்குன்னு. ஏத்தின தண்ணி திரும்பிக் கெணத்துக்குப் போகாம நிக்கறதுக்கு. களைப்பும் அப்படித்தான். தானா விட்டா, நெறஞ்ச பக்கத்துல இருந்து கொறஞ்ச பக்கத்துக்கு ஓடும், ரெண்டும் ஒரு மட்டம் ஆகற வரைக்கும். நீங்க ரெண்டு வருசமா நெறஞ்சு கெடக்கறீங்க. அது வாடிக்கையாளர் பக்கம் பாயாமப் புடிச்சு நிறுத்தறது இந்தத் தகடுதான். இது மறைஞ்சிருச்சுன்னா...” அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கண் தெளிந்து, கன்னம் மலர்ந்திருந்த முகம். “அக்கா. யாரு ஆடினது?”

அவள் காலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஓடினாள். படியில் இரண்டிரண்டாகத் தாவினாள். அப்படித் தாவ முடிந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது. தன்னிடம் இருந்ததில் சரிபாதி இப்போது அவரிடம் இருக்கிறது. இரண்டு வருஷத்தில் பாதி. அதோடு அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கப்போகிறார், பின்னால் நாற்பது பேர் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கப்போகிறார்கள்.

காந்திபுரத்தில் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது ஏழு ஆகவில்லை. வெள்ளைப் பஸ் நின்றிருந்தது. டிக்கியில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள், பலகாரத் தூக்குகள், ஊரிலிருந்து கட்டிக்கொடுத்த தேங்காய் மூட்டை. நாச்சிமுத்து டிரைவர் சீட்டில் இல்லை. பஸ்ஸின் கீழ்ப்படியில் டவலை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணா! வண்டி எடுத்தராதீங்க” என்று மூச்சு வாங்கினாள். “பொட்டு வெச்சது நான்தானுங்க. தெரியாம வெச்சிட்டேன். அது திரும்பிப் பாஞ்சிருச்சு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

“தெரியுமுங்க அம்மிணி. படி எறங்கறப்பவே தெரிஞ்சுபோச்சு. வலது கண்ணுக்குப் பின்னால குத்துச்சு. எதிர்வண்டி லைட்டு. இது என்னோடது. எங்கியோ எரிஞ்சு சாம்பலாயிருச்சுன்னு நெனச்சிட்டிருந்தது, அப்படியே முழுசா வந்து உக்காருது. முட்டிவலிகூட அதே முட்டிவலி.” வலது முட்டியைத் தடவினார். “இத்தன நாளும் அத நீங்களா வெச்சிருந்தீங்க?”

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

“மத்ததெல்லாம் யாரோடதோ, எனக்குத் தெரியல. கம்ப்யூட்டரப் பாத்துப் பாத்துக் கழுத்து புடிச்சது ஒண்ணு இருக்குது. ஆஸ்பத்திரில ராவெல்லாம் நின்ன கால் ஒண்ணு. எல்லாத்துக்கும் அடியில இன்னொண்ணு இருக்குதுங்க. யாரோ கட்டில்ல சொவத்தப் பாத்துப் படுத்திருக்காங்க. பின்னால ஒருத்தர் கூப்புடறாரு. திரும்போணும், பேசோணும்னு இருக்குது, முடியல. அது யாரோடதுங்க?”

துளசிமணி பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “அது என்னோடதுங்க” என்றாள். சொன்னதும் குலுங்கி அழுதாள். பெட்டி ஏற்றுகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

டிராவல்ஸ் ஆபீஸ் பையன் ஒருவன் கையில் பயணிகள் பட்டியலோடு வந்தான். “அண்ணா, ஏறுங்க, டைமாச்சு.”

“இன்னைக்கு ஓட்ட முடியாது கண்ணு. வேற ஆளப் பாரு.”

“வெளையாடாதீங்கண்ணா. லீவு கூட்டம், எல்லா டிரைவரும் ரோட்டுல இருக்காங்க. அந்த மெஷினுக்குப் போகலையா?”

“போய்ட்டுத்தான் வந்தேன்.”

“பத்தலையாக்கும். இந்தாங்க.” பையன் சட்டைப் பையிலிருந்து இன்னொரு டோக்கனை எடுத்து நீட்டினான். “ஆட்டோவுல போய் ஒரு ஆட்டம் போட்டுட்டு வந்துருங்க. வண்டிய அரைமணி நிறுத்தி வெக்கறேன்.”

நாச்சிமுத்து டோக்கனை வாங்கிப் பார்த்தார். களைப்பு எரிந்து சாம்பலாகும் என்று அதில் போட்டிருந்தது. பிறகு துளசிமணியைப் பார்த்தார்.

வாங்கண்ணா, பொட்டைத் துடைத்துவிட்டு ஒரு ஆட்டம் ஆடலாம், நானே வாங்கிக்கிறேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் ஓடி வந்தாள். ஆனால் வெங்காயம் அரிய வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். மருதாசலம் கத்தியை எடுத்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான். நாற்பது பேர் ஒரு பக்கம், ஒரு மனுஷன் ஒரு பக்கம். கணக்கு அவளுக்குத் தெரியாமல் இல்லை. வாய் திறக்கவில்லை. திறக்காததற்காகத் தன்மேல் அவளுக்கு வெறுப்பு வந்தது.

“வேண்டாம்” என்றார் நாச்சிமுத்து. டோக்கனைப் பையன் கையிலேயே வைத்தார். “இது எங்க போகுதுன்னு இன்னைக்குப் பாத்துட்டேன். தெரிஞ்சே இறக்கி வெக்க முடியாது. இதோட வண்டியும் எடுக்க முடியாது. நீ உங்க மொதலாளிக்குப் போன் போடு.”

“வேல போயிரும்ணா.”

“போவட்டும் போ.”

பயணிகள் இறங்கி வந்து சத்தம் போட்டார்கள். குடித்திருக்கிறான் என்றார் ஒருவர். வயசானவனையெல்லாம் வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்றார் இன்னொருவர். நாச்சிமுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தார். ஈரோட்டிலிருந்து ஒரு டிரைவர் வந்து சேரும்வரை அந்த வண்டி நகரவில்லை. நாற்பது பேரும் பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஏன் பத்திரமாகப் போனோம் என்று தெரியாது.

துளசிமணி வீட்டுக்குப் போய் வெங்காயம் அரிந்தாள். பேசினாள். மருதாசலம் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். நடுவில் அவள் நிறுத்தினால் “அப்பறம்?” என்றான்.

ஐப்பசி மழை தொடங்கிய சமயத்தில் பக்கத்து மெஷினுக்குப் புதிதாக ஓர் ஆளைப் போட்டிருப்பதாக ஜாபர் சொன்னான். போய்ப் பார்த்தாள். கம்பெனி டி-ஷர்ட் வயிற்றில் இறுக்கமாக நிற்க, தோளில் டர்க்கி டவலோடு, சிவப்புத் துப்பாக்கியைப் பிடித்தபடி நாச்சிமுத்து நின்றிருந்தார்.

“என்னங்கண்ணா இது!”

“எந்த டிராவல்ஸும் கூப்பிட மாட்டேங்குதுங்க அம்மிணி. பேரு கெட்டுப்போச்சு. வண்டி ஓட்டறதுக்குத்தான் முழிச்சிருக்கோணும். இதுக்கு அது வேண்டாமே. நின்னாப் போதும்.” லேசாகச் சிரித்தார்.

ஆக, இறக்கி வைக்க மறுத்த மனுஷனுக்கு ஊர் கொடுத்த வேலை, மற்றவர்களுடையதை ஏற்றிக்கொள்வது. இதற்கு யாரைப் போய்த் திட்டுவது என்று துளசிமணிக்குத் தெரியவில்லை. திட்டத்தான் வந்தது. “நாசமாப் போக” என்று எரிமலையைப் பார்த்துத் திட்டினாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மெஷின்களுக்கு ஓய்வு. நாச்சிமுத்து டிபன் பாக்ஸைத் திறக்காமல் பேன்ட் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். பஸ்ஸின் முகப்பில் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்த சந்தன டப்பா.

“ஒரு மட்டம் ஆகற வரைக்கும் ஓடும்னு அந்த ஜாபர் தம்பி சொன்னாப்பலையே. நம்மள்ல யாருக்கு இன்னைக்கு அதிகம்?”

“உங்களுக்குத்தானுங்க. புது ஆளு, எல்லாத்தையும் உங்க தலையில கட்டுவாங்க.”

“பழைய பாக்கி உங்களுக்குத்தான் அதிகம்.”

“அத நாம எதுக்குங்க சண்ட போட்டுட்டு? சுட்டாத் தெரிஞ்சிரும்.”

அவள் நீலத் துப்பாக்கியின் தகட்டில் பொட்டு வைத்தாள். இருவரும் படகிலிருந்து இறங்கினார்கள். ஒரே குறி, ஒரே மூச்சு. நண்டு, பல்லி, முதலை, சம்பந்தி. எரியவும் இல்லை, குறையவும் இல்லை, இருந்தது இரண்டு பேருக்கும் சரியாகப் பங்கு விழுந்தது. அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அது வழக்கமாயிற்று. சம்பளம் கொடுத்து ஆடச் சொன்னால் முணுமுணுக்கிறார்கள், சோற்று நேரத்தில் சும்மா ஆடுகிறார்கள், இதுகளுக்குப் பைத்தியம் என்று மேனேஜர் சொன்னார். ஜாபர் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், ஆட்டம் முடிந்ததும் தினமும் வந்து பொட்டைத் துடைத்துவிட்டுப் போனான். வீட்டுக்குப் போனால் முன்போல் ஓயாமல் பேச அவளுக்கு முடிவதில்லை. ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதில்லை. இரண்டு வார்த்தையாவது பேசுகிறாள், ஒன்று கட்டாயம் திட்டாக இருக்கும்.

ஒருநாள் ஆட்டம் முடிந்து துப்பாக்கியை மாட்டப் போனபோது சாப்பாட்டு நேரம் முடிவதற்குள்ளாகவே, ஜாபர் துடைக்க வருவதற்கும் முன்னால், ஒருவன் வந்து நின்றான். சின்ன வயது, புது மீசை, காக்கிப் பேன்ட். கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டான். கையில் டிராவல்ஸ் டோக்கன்.

“அக்கா, சீக்கிரம் ஆடிறலாமுங்களா? சென்னை வண்டி. ஒண்டி ஆளா ஓட்டோணும்.”

துளசிமணி அவனைப் பார்த்தாள். நீலத் துப்பாக்கியின் பிடியில் ஈரம் காயாமல் இருந்த பொட்டைப் பார்த்தாள். அப்படியே எடுத்து அவன் கையில் கொடுத்தால் போதும். யாரும் கேட்கப்போவதில்லை, இன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டில் ராத்திரி வரை பேச்சு ஓயாது. பக்கத்து மெஷினில் நாச்சிமுத்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவள் துப்பட்டா முனையை எடுத்தாள். பூசைப் பொட்டை அழிக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள், அந்தப் பொட்டை அழுத்தித் துடைத்தாள். தகட்டின் இடுக்கில் மஞ்சளாகக் கொஞ்சம் நின்றது. எச்சில் தொட்டு அதையும் துடைத்தாள். வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“இந்தாங்க தம்பி, இறுக்கமாப் புடிங்க” என்று நீட்டினாள். “வாங்க, தீவுக்குப் போலாம்.”